தலையிடி என்று வருகிறவர்கள்

மனக்காயம், பதற்றம், குடும்பச் சிக்கல் இவற்றோடு வாழ்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் மனநல வைத்தியர் இல்லை. தாதியியலில் டிப்ளோமா முடித்து, சிட்னியின் மேற்குப் பக்கத்தில் வேலை செய்கிற தாதி. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறவள். அதனால் சொந்தமாக ஒரு கோட்பாடும் சொல்லப்போவதில்லை. நம்முடைய சனத்தின் மனதைப் பல பத்தாண்டுகளாகக் கிட்ட நின்று பார்த்த ஒரு வைத்தியர் எழுதி வைத்தவற்றையும், சிட்னியில் வேறு சிலர் கண்டுபிடித்தவற்றையும், வேலையிடத்தில் நான் பார்ப்பவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அந்த வைத்தியர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்தவர். பிறகு அவுஸ்திரேலியாவில் அடிலெய்டிலும் பணிபுரிந்தார். 1990இல் வெளிவந்த 'முறிந்த பனை' நூலின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர். இன்னொருவரான ராஜினி திராணகம அந்தப் புத்தகம் வெளிவர முன்னரே, 1989 செப்டம்பரில் சுட்டுக்கொல்லப்பட்டார். போர்க்காலத்தில் வடக்கில் உளமருத்துவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தயா அங்கேயே இருந்து நோயாளரைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். போர் ஈழத்தமிழரின் மனதுக்குச் செய்ததைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1998இல் வந்தது. தமிழில் 'மனவடு' என்ற பெயரிலேயே ஒரு நூல் எழுதியிருக்கிறார்.

வடு என்ற சொல் பொருத்தமான சொல். புண் வேறு, வடு வேறு என்று வள்ளுவருக்கே தெரிந்திருந்தது. காயம் கட்டுகிற எனக்கு அதை வேறு விதமாகத் தெரியும். ஆறின காயத்தின் தழும்புத் தோல் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 வீதத்தைத்தான் திரும்பப் பெறும். அதில் மயிர் முளைக்காது, வியர்க்காது. ஆனால் அந்தத் தோலோடு நடக்கலாம், வேலை செய்யலாம், பிள்ளையைத் தூக்கலாம். மனவடு உள்ளவரும் 'பழையபடி' ஆக வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது, தழும்பில் மயிர் முளைக்கவில்லையே என்று கவலைப்படுவது மாதிரி.

நம்மவர்கள் வைத்தியரிடம் போய் 'எனக்கு மனக்கஷ்டம்' என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சு அடைக்குது, கை கால் உளைவு, பெருமூச்சு, நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை என்றுதான் சொல்வார்கள். தயா இதைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். மனத்துயரத்தை உடம்பின் பாஷையில் சொல்வது நம் பண்பாட்டின் வழி. அது நடிப்பும் இல்லை, அறியாமையும் இல்லை. இங்கே சிக்கல் என்னவென்றால், அந்தப் பாஷை தெரியாத வைத்தியர் தலைக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு ஈசிஜி, வயிற்றுக்குக் கமெரா என்று வரிசையாக அனுப்புவார். எல்லாம் 'நோர்மல்' என்று வரும். நோயாளிக்கு அது ஆறுதல் இல்லை, அவமானம். வருத்தம் இருக்கிறது, ஆனால் நான் பொய் சொல்வதாக நினைக்கிறார்கள் என்று வீட்டுக்குப் போவார். ஈசிஜி எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நெஞ்சுநோவுக்கு எடுத்தே ஆகவேண்டும். எடுத்து முடிந்த பிறகு, 'எப்ப இருந்து நித்திரை இல்லை?' என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். உயிராபத்து வரும்போது உடம்பு ஒரு அபாயமணியை அடிக்கிறது. இதயம் வேகமாகும், மூச்சு மேலே ஏறும், தசைகள் இறுகும். ஓட, எதிர்க்க, அல்லது உறைந்து நிற்க. ஆபத்து போனதும் மணி நிற்க வேண்டும். சிலருக்கு அது நிற்பதில்லை. சாதாரண நினைவுக்கு ஒரு திகதி உண்டு, 'அது அப்போது நடந்தது' என்று மூளைக்குத் தெரியும். பயங்கர நினைவுக்கு அந்தத் திகதி சரியாக ஒட்டுவதில்லை. ஆகவே அது வரும்போது இப்போது நடப்பதாகவே வரும். திரும்பத் திரும்ப வருகிற காட்சிகளும் கனவுகளும், அவற்றை நினைவூட்டுகிற எல்லாவற்றையும் தவிர்ப்பது, மனம் மரத்துப்போவது, எந்நேரமும் விழிப்பாக, திடுக்கிடத் தயாராக இருப்பது. இவை சேர்ந்து மாதக்கணக்கில் நீடித்தால் மருத்துவம் ஒரு பெயர் வைக்கிறது. அந்தப் பெயர் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறியது 1980இல்தான், வியட்நாமில் போரிட்டுத் திரும்பியவர்களை வைத்து. வியட்நாமியர்களை வைத்து அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதியோர் இல்லத்தில் டிசம்பர் 31 இரவு வேலை என்றால் எனக்குத் தெரியும், வாணவேடிக்கை தொடங்க முன்னரே சில அறைகளுக்குப் போய்விட வேண்டும். ஒரு அம்மா, எண்பது தாண்டியவர், மறதிநோய். மகனின் பெயரே சில நாள் வராது. வெடிச்சத்தம் கேட்டதும் கட்டிலால் இறங்கி, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் குந்திவிட்டார். 'பிள்ளை, ஹெலி சுத்துது. லைற்றை நூர்' என்றார். புதிய நினைவுகள் முதலில் போய், பழையவை நெடுங்காலம் தங்குவது இந்த நோயின் வழக்கம். முப்பது வருடம் இந்த நாட்டில் சமைத்து, பேரப்பிள்ளை வளர்த்து, கோவிலுக்குப் போய், எவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடி வைத்திருந்தது, மூடி வைக்கிற சக்தி போனதும் வெளியே வருகிறது. நான் லைற்றை அணைத்தேன். 'இது சிட்னி, போர் இல்லை' என்று விளக்கம் சொல்லவில்லை. பக்கத்தில் குந்தினேன். சத்தம் ஓய்ந்ததும் 'ஹெலி போட்டுது அம்மா' என்றேன். கட்டிலுக்கு வந்தார். முதியோர் இல்லங்களில் பெற்றோரை விட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவர்கள் எங்கே எதைக் கடந்து வந்தார்கள் என்பதை அங்குள்ள பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். நீரிழிவும் பிரஷரும் எழுதுகிற இடத்தில் அதற்கும் இடம் இருக்கிறது.

தனி மனிதரின் நோயாக மட்டும் இதைப் பார்த்தால் பாதிதான் தெரியும் என்பது தயாவின் முக்கியமான வாதம். 2007இல் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரை 'கூட்டு மனவடு' பற்றியது. நீண்ட போர், இடப்பெயர்வு, சுனாமி இவற்றுக்குப் பிறகு வடக்கின் குடும்பங்களிலும் ஊர்களிலும் என்ன மாறியது என்று பார்த்தார். தனித்த பெற்றோர் நடத்தும் குடும்பங்கள், வீட்டுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் நம்பாமை, உறவுகளும் பிள்ளை வளர்ப்பு முறைகளும் மாறிப்போனது. ஊர் மட்டத்தில் மௌனம், சந்தேகம், தங்கியிருத்தல், தலைமையின்மை, பழைய அமைப்புகளும் நெறிகளும் குலைந்தது. இந்தப் பட்டியலை வாசித்தபோது, நம்முடைய புலம்பெயர் சங்கங்களின் வருடாந்தப் பொதுக்கூட்டங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. யாரை யார் அனுப்பினது, எவர் எவருடைய ஆள் என்று நாம் இன்றும் கேட்பது குணக்கேடு மட்டும் இல்லை. நம்பினால் ஆபத்து என்று முப்பது வருடம் படித்த பாடம் அது.

வீட்டுக்குள் அது எப்படிப் போகிறது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. சுனாமிக்குப் பின் கிளவுடியா கட்டானி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நேர்கண்டார்கள். 30.4 வீதமான பிள்ளைகளுக்கு மனவடு நோய் இருந்தது. அடுத்த முடிவுதான் முக்கியம். வீட்டில் பிள்ளை எவ்வளவு அடியும் கொடுமையும் பட்டது என்பதோடு இரண்டு விடயங்கள் தொடர்புபட்டிருந்தன: ஒன்று தகப்பனின் குடி, மற்றது அந்தப் பிள்ளை எவ்வளவு போரைக் கண்டிருந்தது என்பது. போர் ஒழுங்கையோடு நிற்காமல் வாசல்படி ஏறி அடுப்படி வரை வந்திருக்கிறது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஹெலியும் தெரியாது, பங்கரும் தெரியாது. ஆனால் அப்பா கதவு அடிபட்டால் கத்துவார் என்று தெரியும். ரயில் பத்து நிமிடம் தாமதித்தால் அம்மா இருபது தரம் போன் எடுப்பார் என்று தெரியும். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாத இடத்தைப் பிள்ளை தானே நிரப்பும், 'என்னில்தான் பிழை' என்று. பதினாறு வயதுப் பிள்ளை 'ஸ்கூல் காம்ப்' போகக் கேட்கிறது, தாய் மறுக்கிறார். பிள்ளைக்கு அது அடக்குமுறை. தாய்க்கு, வீட்டை விட்டுப் போன பிள்ளை திரும்பி வராத ஊரின் நினைவு. இரண்டு பேரும் காம்பைப் பற்றித்தான் சண்டை பிடிப்பதாக நினைக்கிறார்கள். எல்லாவற்றையும் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. 'எனக்குப் பயமாக இருக்கு, அது உன்னால் இல்லை, எங்கட ஊரில் நடந்ததால்' என்ற ஒரு வசனம் போதும், தொடங்குவதற்கு. அதைச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் காம்புக்கு அனுப்புங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் ஊரில் நடந்தது மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் அதுவும் தவறு. 1990களின் கடைசியில் டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் முதலிய சிட்னி ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவில் இருந்த 196 தமிழரை ஆராய்ந்தார்கள். 62 பேர் தஞ்சம் கோரியோர், 30 பேர் அங்கீகரிக்கப்பட்ட அகதிகள், 104 பேர் குடியேறிகள். மனவடு அறிகுறிகளில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் 20 வீதத்தை வருமுன் பட்ட கொடுமைகள் விளக்கின. 14 வீதத்தை வந்த பின் பட்ட நெருக்கடிகள் விளக்கின. வந்த பின் என்றால் விசா நேர்காணல், வேலை இல்லாமை, திருப்பி அனுப்பப்படும் பயம், ஊரில் விட்டு வந்த குடும்பம் பற்றிய கவலை. அதாவது, வடுவின் ஒரு பெரிய பங்கு இங்கே, இந்த நாட்டில் போடப்படுகிறது.

சிலோவ் இதிலிருந்து ஐந்து தூண்கள் என்று ஒரு விளக்கத்தைக் கட்டினார். பாதுகாப்பு, உறவுகளின் பிணைப்பு, நீதி, ஒருவருக்குரிய பங்கும் அடையாளமும், வாழ்வுக்கு ஒரு பொருள். போரும் அகதி வாழ்க்கையும் இந்த ஐந்தையும் சாய்க்கின்றன. தூண் நிமிர்ந்தால் பலர் மருந்தில்லாமலே தேறுவார்கள். சாய்ந்தே கிடந்தால் எந்த மருந்தும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஊரில் அதிபராக இருந்தவர் இங்கே இரவில் அலுவலகம் துடைக்கிறார். அவருக்கு 'டிப்ரெஷன்' என்று எழுதுவது சரிதான், ஆனால் போனது நாலாவது தூண். அவரை ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கக் கேட்டால் அது சிகிச்சையில் சேர்த்தி.

முதல் தூண் பாதுகாப்பு. தற்காலிக விசா 1999இல் கொண்டுவரப்பட்டு, 2008இல் எடுக்கப்பட்டு, 2014 கடைசியில் திரும்ப வந்தது. 2023 பெப்ரவரியில் அந்த விசா வைத்திருந்த பலருக்கு நிரந்தர வழி திறந்தது. விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் அதற்கு வெளியே நின்றார்கள். 2024 ஆகஸ்டில் மெல்பேர்ணில் மனோ யோகலிங்கம் தன் உயிரை முடித்துக்கொண்டபோது அவருக்கு 23 வயது. சிறுவனாகப் படகில் வந்து, பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தவர். நிச்சயமில்லாத காத்திருப்பு அபாயமணியை நிற்கவே விடாது. 'மனதைத் திடப்படுத்து தம்பி' என்று அப்படியொருவருக்குச் சொல்வதை விட, அவரோடு வழக்கறிஞரிடம் போவது பெரிய வைத்தியம். இதைக் கேட்பவர்களில் எவருக்காவது உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் லைஃப்லைன் 13 11 14, எந்த நேரமும். அந்தச் சேவை தொடங்கினது சிட்னியில், 1963இல், அலன் வோக்கர் என்ற ஒரு மெதடிஸ்ட் போதகரால்.

காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் தனி. போலின் பொஸ் என்ற அமெரிக்கச் சிகிச்சையாளர் இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் வைத்தார். இறந்தார் என்றால் அழலாம், எட்டுச் செலவு செய்யலாம், பூசை கொடுக்கலாம். இருக்கிறாரா என்று தெரியாவிட்டால் துக்கம் தொடங்கவே முடியாது. தொடங்கினால் துரோகம் மாதிரி இருக்கும். 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் இருந்த தாய்மாரைப் பார்த்து 'இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கினம்' என்று சிலர் சொல்வது எனக்குக் கோபம் வரும். பொஸ் சொல்வது, முடிவு காணும்படி அவர்களை நெருக்காதீர்கள், 'இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்கப் பழக உதவுங்கள் என்றுதான்.

சரி, எது உதவும்? முதலில் எது உதவாது என்று சொல்கிறேன். நடந்ததை உடனே முழுக்கச் சொல்லவைப்பது உதவாது. அப்படி ஒரு முறை உலகமெங்கும் இருந்தது, ஆய்வுகளில் பயன் தெரியவில்லை, உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. வேதாகமத்தில் யோபுவின் நண்பர்கள் மூவரும் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் கூட இருந்தது. பேசத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள். எங்கள் சபைகளிலும் அதுதான் நடக்கிறது. நித்திரையில்லாமல் வருகிறவருக்கு 'விசுவாசக் குறைவு' என்பது, பயந்து நடுங்குகிறவருக்குப் பேய் ஓட்டுவது. சங்கீதப் புத்தகத்தில் 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு துதி இல்லை. அதையும் ஜெபம் என்றுதான் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை வாசிக்கிற போதகர்களை நான் அதிகம் காணவில்லை.

உடம்பில் தொடங்குவது உதவும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு இறங்கும். தயா யாழ்ப்பாணத்தில் செய்தது, அதை அவரவர் ஏற்கனவே அறிந்த வழிபாட்டோடு சேர்த்தது. சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். ஒரே சொல், ஒரே தாளம், மெதுவான மூச்சு. ஆச்சி செபமாலை உருட்டினது வைத்தியமும்தான் என்று நான் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். முன்சொன்ன கட்டானி குழு சுனாமி முகாமில் 31 பிள்ளைகளுக்கு இரண்டு முறைகளை ஒப்பிட்டது. ஒரு பகுதிக்கு வாழ்க்கைக் கதையை ஆரம்பத்திலிருந்து ஒழுங்காகச் சொல்லவைக்கும் சிகிச்சை, மற்றப் பகுதிக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஆறு மாதத்தில் முதல் குழுவில் 81 வீதமானோரும் இரண்டாம் குழுவில் 71 வீதமானோரும் தேறியிருந்தார்கள். சிறிய ஆய்வு, ஆனால் நம் பிள்ளைகளில் செய்த ஆய்வு.

இலக்கியக் கூட்டம் என்பதால் எழுத்தைப் பற்றி ஒன்று. 1986இல் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றை எழுதச் செய்தார். எழுதின நாளில் அவர்கள் மனம் சோர்ந்தது. பின்வந்த மாதங்களில் வைத்தியசாலைக்குப் போவது குறைந்தது. சம்பவத்தையும், அப்போது பட்ட உணர்வையும் சேர்த்து எழுதினவர்களுக்கே அந்தப் பலன். தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் இறந்த பிறகு 2016இல் வந்தது. அதைப் பற்றி அரசியலாக எவ்வளவோ சண்டை பிடித்தோம். ஒரு பெண் தன் வாழ்க்கையை முதலிலிருந்து ஒழுங்குபடுத்திப் பார்த்த முயற்சியாக எத்தனை பேர் வாசித்தோம் தெரியாது. எழுதுங்கள் என்று எல்லாருக்கும் சொல்லமாட்டேன். எழுதி முடித்து இரவெல்லாம் நடுங்கினால் நிறுத்துங்கள், துணையோடு பிறகு தொடரலாம்.

கடைசியாக நடைமுறை. சித்திரவதையும் போரும் பட்டவர்களுக்கென்றே சிட்னியில் ஸ்டார்ட்ஸ் 1988இலும், மெல்பேர்ணில் ஃபவுண்டேஷன் ஹவுஸ் 1987இலும் தொடங்கப்பட்டன. இரண்டும் இலவசம். மற்றவர்கள் தங்கள் குடும்ப வைத்தியரிடம் மனநலச் சிகிச்சைத் திட்டம் எழுதச் சொல்லலாம். மெடிகெயர் ஆண்டுக்கு 10 அமர்வுகள் வரை பணம் திருப்பித் தரும், முழுதாக இல்லாவிட்டாலும். வைத்தியரிடம் போகும்போது இரட்டை அப்பொயின்ட்மென்ட் கேளுங்கள். ஏழு நிமிடத்தில் தலையிடியைத் தாண்டிப் போகமுடியாது.

மொழிபெயர்க்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தகப்பன் என்ன பட்டார் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டி வருவதை நான் பார்த்திருக்கிறேன். அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450, இருபத்துநாலு மணி நேரமும். 'மொழிபெயர்க்கிறவர் எங்கட ஆளாயிருந்தால் ஊர் முழுக்கக் கதை போகுமே' என்பதுதான் நம்மவர்கள் என்னிடம் அதிகம் சொல்கிற பயம். அவர்களுக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு. அதுவும் போதாவிட்டால் தொலைபேசி வழி கேளுங்கள், வேறு மாநிலத்தில் இருக்கிற ஒருவரைக் கேளுங்கள், ஆணா பெண்ணா என்றும் கேளுங்கள். மொழிபெயர்க்கிறவருக்கு உங்கள் பெயரைச் சொல்லவேண்டாம் என்று வைத்தியரிடம் முதலே சொல்லிவைக்கலாம். பேர்த்தில் எங்கோ ஒரு அறையில் இருந்து ஒருவர் உங்களுக்காகப் பேசுவார். நீங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது.